வெளிநாட்டு வேலை: சம்பளம் ஓகே, கையில் நிற்பது எவ்வளவு? கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

‘கத்தார்ல வேலை. மாசம் 1,300 ரியால். ரூம் கம்பெனியே கொடுத்துடும்.’ இப்படி ஒரு தகவல் வந்ததுமே எல்லோரும் முதலில் செய்வது பெருக்கல். ஒரு ரியால் 23 ரூபாய் என்றால் 29,900 ரூபாய். ‘அடேயப்பா, முப்பதாயிரம்!’ என்று முடிவெடுத்து, பாஸ்போர்ட்டைத் தூக்கி ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால், பெருக்கலை முடித்த பிறகு போட வேண்டிய கழித்தல்தான் முக்கியம். அதில் பெரிய தொகை வெளிநாட்டில் செலவாவது அல்ல. விமானம் ஏறுவதற்கு முன்பே ஊரில் செலவாகிவிடும் தொகை அது.

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு, வெள்ளாற்றங்கரையில் நெல்லையும் கரும்பையும் நம்பியிருக்கும் ஊர். எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரும் கரும்புப் பணமும் எல்லா வருஷமும் நேரத்துக்கு வந்துவிடாது. அதனால் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று கிளம்புவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பக்கத்தில் இருக்கும் லால்பேட்டை, பரங்கிப்பேட்டையில் தலைமுறைகளாக நடப்பதுதான். இப்படிக் கிளம்பும் ஒருவர் என்ன கணக்கு போட வேண்டும்?

சம்பளம் எது, அலவன்ஸ் எது?

கத்தாரில் 2021 மார்ச் 20 முதல் குறைந்தபட்சச் சம்பளம் அமலில் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். கம்பெனி சாப்பாடு போடாவிட்டால் 300 ரியாலும், தங்க இடம் தராவிட்டால் 500 ரியாலும் கூடுதலாகத் தர வேண்டும். எந்த நாட்டுத் தொழிலாளியாக இருந்தாலும் இதுதான் விதி.

ஆக, ‘1,300 ரியால்’ என்பதில் 300 சாப்பாட்டுக்கான காசு. அதை வருமானமாக நினைத்தால் கணக்கு முதல் வரியிலேயே தப்பாகிவிடும். ஓவர்டைமும் அப்படித்தான். கிடைத்தால் லாபம்; ஆனால் எல்லா மாதமும் கிடைக்கும் என்று நம்பி பட்ஜெட்டில் எழுதக் கூடாது.

அங்கே ஒரு மாதச் செலவு

ரூமில் நாலைந்து பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் ஒருவரின் மாதச் செலவு தோராயமாக இப்படி இருக்கும் எனக் கொள்ளலாம்.

- சாப்பாடு: 350 ரியால்
- டீ, ஸ்நாக்ஸ், வெள்ளிக்கிழமை வெளியே சாப்பிடுவது: 90
- மொபைல் ரீசார்ஜ்: 60
- சோப்பு, முடிவெட்டு, துணிமணி: 60
- அவசரத்துக்கு ஒதுக்குவது: 40

மொத்தம் 600 ரியால். மிச்சம் 700. ரூபாயில் 16,100. ‘முப்பதாயிரம்’ இங்கேயே ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இந்தக் கணக்கை ரியாலில்தான் எழுத வேண்டும். ‘ஒரு டீ 23 ரூபாயா!’ என்று ஒவ்வொன்றையும் ரூபாயில் மாற்றிப் பார்ப்பவர் முதல் மாதம் பட்டினி கிடப்பார். ‘ஒரு ரியால்தானே!’ என்று நினைப்பவருக்கு மாதக் கடைசியில் கை காலியாக இருக்கும். ஊருக்கு அனுப்பும் தொகையை மட்டும் ரூபாயில் பார்த்தால் போதும்.

கடன் எத்தனை மாதத்தில் அடையும்?

இங்கேதான் உண்மையான கணக்கு ஆரம்பிக்கிறது. விசா, ஏஜென்ட், டிக்கெட் என்று 1.5 லட்சம் ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம். நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், அதாவது வருஷத்துக்கு 36 சதவீதம். வீட்டுச் செலவுக்கு மாதம் 8,000 ரூபாய் வேண்டும். கடனுக்குக் கட்ட மிஞ்சுவது 8,100.

முதல் மாத வட்டி மட்டுமே 4,500 ரூபாய். அசலில் கழிவது வெறும் 3,600. இப்படியே கட்டிக்கொண்டு போனால் கடன் தீர 28 மாதம் ஆகும். வட்டியாக மட்டும் சுமார் 72,000 ரூபாய் போகும். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போனவர் என்றால், 24 மாதம் உழைத்து முடிக்கும்போதும் சுமார் 26,000 ரூபாய் கடன் பாக்கி நிற்கும். சேமிப்பு பூஜ்யம்.

இதே ஆள், இதே சம்பளம், இதே சாப்பாடு. மூன்று விஷயங்களை மாற்றிப் பார்த்தால் என்ன ஆகிறது?

- அங்கே மாதம் 100 ரியால் செலவைக் குறைத்தால்: கடன் 20 மாதத்தில் அடையும்.
- அதே 1.5 லட்சத்தை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் நகைக்கடனாக வாங்கினால்: 21 மாதம்.
- போகும் செலவையே 60,000 ரூபாய்க்குள் முடித்தால், மூணு வட்டியாக இருந்தாலும்: 9 மாதம். மீதி 15 மாதத்தில் 1.2 லட்சம் ரூபாய் கையில் சேரும்.

வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிப்பதைவிட, கிளம்பும்போது கடனைக் குறைப்பதுதான் பல மடங்கு பலன் தருகிறது. வெயிலில் நின்று வேலை பார்க்கும் உடம்புக்குச் சாப்பாட்டில் கைவைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும்.

60,000-க்குள் முடியுமா?

மத்திய அரசின் விதிப்படி, பதிவு பெற்ற ரெக்ரூட்டிங் ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். மொத்தம் 35,400 ரூபாய். அதற்கு ரசீதும் தர வேண்டும். மெடிக்கல், பாஸ்போர்ட், சென்னைக்குப் போய்வரும் செலவு என எல்லாம் சேர்த்தாலும், டிக்கெட்டை கம்பெனி கொடுத்தால் 60,000 தாராளமாகப் போதும்.

தொகை லட்சத்தைத் தாண்டுவது பெரும்பாலும் இடையில் நிற்கும் சப் ஏஜென்ட்களால்தான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை ‘இ-மைக்ரேட்’ தளத்தில் மொபைலிலேயே பார்த்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் கத்தார், சவுதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். ‘விசிட் விசால போய்டலாம், அங்க போய் மாத்திக்கலாம்’ என்று யாராவது சொன்னால், இந்தப் பாதுகாப்பு எதுவுமே இல்லாமல் அனுப்பப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

பணம் அனுப்பும்போது எங்கே கசிகிறது?

‘சர்வீஸ் சார்ஜ் இல்லை’ என்ற போர்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. கட்டணம் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கும்: ஒன்று சார்ஜ், இன்னொன்று ரேட். ரியாலுக்கு 20 காசு குறைத்துக் கொடுத்தாலே 700 ரியாலுக்கு 140 ரூபாய் போச்சு. ஊரில் கடைசியாக எத்தனை ரூபாய் கிரெடிட் ஆகும் என்பதை மட்டும் கேட்டு, நாலு இடத்தில் ஒப்பிட வேண்டும்.

கத்தார் ரியால், சவுதி ரியால், திர்ஹாம் எல்லாம் டாலரோடு கட்டப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.64 கத்தார் ரியால் என்பது மாறுவதில்லை. அதனால் டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால் ஊருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அந்தக் கூடுதல் தொகை நேராகக் கடனின் அசலுக்குப் போனால்தான் லாபம். ‘உண்டியல்’ வழியாக அனுப்புவது சட்டவிரோதம். பணம் வராவிட்டால் எங்கேயும் புகார் கொடுக்க முடியாது.

படிக்கப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதானா?

ஆமாம். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் பொதுவாக ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். மியூனிக் போன்ற நகரத்தில் ரூம் வாடகையே இதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். சிதம்பரத்தில் டிகிரி முடித்து ஜெர்மனிக்கு அப்ளை செய்பவர், கல்லூரியின் பெயரைப் பார்ப்பதோடு அந்த நகரத்தின் வாடகையையும் பார்ப்பது நல்லது. பார்ட் டைம் வேலைச் சம்பளமும் ஓவர்டைம் மாதிரிதான். கிடைத்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

வெட்டக் கூடாத செலவு

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தியர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த 7 பேரில் கடலூர் மாவட்டத்துக்காரரும் ஒருவர். குடிபெயர்வு அனுமதியோடு போகிறவர்களுக்குக் கட்டாயமான ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ விபத்து மரணம், நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு தருகிறது. இரண்டு வருஷத்துக்கு பிரீமியம் 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. பாலிசி நம்பர் போகிறவரின் பையில் மட்டும் இருந்தால் போதாது, வீட்டில் இருப்பவரின் மொபைலிலும் இருக்க வேண்டும். கடன் எவ்வளவு, யாரிடம், எத்தனை வட்டி என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

‘சம்பளம் எவ்வளவு?’ என்பதை எல்லோருமே கேட்டுவிடுகிறார்கள். ‘கடன் எந்த மாதம் அடையும்?’ என்பதைக் கேட்பவர் குறைவு. அந்த மாதம் ஒப்பந்தம் முடிவதற்கு வெகு முன்பே வந்துவிட்டால் போகலாம். ஒப்பந்தத்தைத் தாண்டி வந்தால், மாற்ற வேண்டியது வட்டியை, இல்லையென்றால் ஏஜென்ட்டை. இரண்டும் முடியாவிட்டால், அந்த விசாவை விட்டுவிடுவதும் ஒரு சேமிப்புதான்.