பேரரசா? ஏகாதிபத்தியமா?

அரசியல் வார்த்தைகளை நம் மக்கள் வழங்கும் விதத்தில் ஒரு வேடிக்கை இருக்கின்றது. வெள்ளைக்காரன் கப்பலேறி வந்து ஊரைப் பிடித்து வரி வாங்கினால் அதற்கு "ஏகாதிபத்தியம்" என்று பெயர். அதையே பல்லவனோ சோழனோ செய்திருந்தால் "பேரரசு" என்று பெயர். முன்னதைச் சொல்லும்போது பல்லைக் கடிக்கின்றோம். பின்னதைச் சொல்லும்போது மீசையை முறுக்கிக் கொள்ளுகின்றோம். காரியம் ஒன்றாயிருக்கப் பெயர் மட்டும் இரண்டானது எப்படி என்று கேட்கின்றோம்.

ஏகாதிபத்தியம் என்ற வடமொழிச் சொல்லுக்கு ஒருவனே அதிபதியாயிருப்பது என்று பொருள். அவன் நிறம் என்ன, அவன் பேசும் பாஷை என்ன என்பதெல்லாம் அச்சொல்லில் இல்லை. ஒரு நாட்டு மக்களை அவர்கள் சம்மதம் கேளாமலே மற்றொருவன் ஆண்டு, அவர்கள் உழைப்பின் பலனைக் கொண்டுபோவது எதுவோ அதுதான் ஏகாதிபத்தியம்.

மாமல்லபுரம் என்ற பெயரையே எடுத்துக் கொள்ளுவோம். மாமல்லன் என்பது முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர். அவன் சுமார் 642-ல் சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்து "வாதாபி கொண்டவன்" என்று பேர் வாங்கினான். நமக்கு அது பெருமை, சரி. ஆனால் வாதாபியில் குடியிருந்தவனுக்கு மாமல்லன் யார்? 1752-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து செங்கற்பட்டுக் கோட்டையைப் பிடித்த கிளைவ் நமக்கு யாரோ அவனே அல்லவா?

மாமல்லபுரத்திற்குத் தெற்கே சில மைல் போனால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இடிந்து கிடக்கின்றது. துணி வாங்க வந்தவர்கள் கட்டிய கோட்டை அது. (துணி வியாபாரத்துக்குப் பீரங்கி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலும்!) 1824-ல் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். அதன்படி சுமத்ராவிலிருந்த பெங்கூலன் டச்சுக்காரருக்குப் போயிற்று. மலாக்காவும், இந்தியாவிலிருந்த டச்சு ஊர்களும் ஆங்கிலேயருக்கு வந்தன. சந்தையில் மாடு மாற்றுகிறவன்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இங்கே சதுரங்கப்பட்டினத்து நெசவாளியை ஏறெடுத்துப் பார்த்தவர்களும் கிடையாது.

செங்கற்பட்டு ஜில்லாவின் கதையும் அதுவே. ஆற்காட்டு நவாபு முகமது அலி 1763-ல் இப்பிரதேசத்தைக் கம்பெனிக்கு "ஜாகீர்" என்று கொடுத்து விட்டார். ஜாகீர் என்றால் நிலத்தின் வருமானத்தை அனுபவிக்கும் உரிமை. கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் ஏர் பிடிக்கத் தெரியாது. ஏர் பிடித்தவனுக்கோ தன்னைக் கொடுத்தாகிவிட்டது என்ற செய்தியே எப்போது எட்டியதோ!

நிற்க, "எங்களிடம் குடியரசே இருந்தது, உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள்" என்பார் சிலர். பார்த்தோம். பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில் வெட்டிய அக்கல்லில் குடவோலை முறை இருப்பது உண்மைதான். ஆனால் யாருடைய பெயர் ஓலையில் ஏறலாம்? வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ளவனுடைய பெயர். அது பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊரின் சபை. அந்த வயலில் நாற்று நட்டவளுக்கு அது குடியரசா, ஏகாதிபத்தியமா?

1950 ஜனவரி 26 முதல் நாடு முழுவதும் குடியரசு என்று பெயர். வார்த்தை மாறினால் காரியம் மாறியதா என்பதற்கும் இந்தக் கடற்கரையிலேயே சாட்சி உண்டு. 1891-ல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் பின்னர் 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு பிறந்தது. அவையே பஞ்சமி நிலங்கள். மற்ற வகுப்பாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தும் அவை கைமாறின. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பறிபோன அந்நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் மீது 1994 அக்டோபரில் போலீசார் சுட்டதில் இருவர் மாண்டார்கள். அப்போது டில்லியில் குடியரசு, சென்னையில் தமிழர் மந்திரிசபை.

செங்கற்பட்டுப் பக்கத்துத் தோழர்கள் தங்கள் கிராமத்தின் பழைய ரெவின்யூக் கணக்கில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், அதை இன்று உழுவது யார், பட்டா யார் பேரில் இருக்கின்றது என்பதை விசாரித்து நமக்கு எழுதுவார்களாக.