கற்பனையிலும் கருநிறம் கயமையா?

வேறோர் உலகம் படைக்கிறார் எழுத்தாளர். விலங்கு பேசும், அலமாரிக்குள் காடு விரியும். விரியட்டுமே, நமக்கென்ன வழக்கு! ஆனால், அனைத்தையும் மாற்ற வல்ல அந்தப் பேனா எதை மாற்ற மறுக்கிறது?

சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஏழு நூல்களில் தீட்டிய நார்னியாவைப் பாருங்கள். இங்கிலாந்துச் சிறுவர் நால்வர், நால்வருக்கும் அரியணை! தெற்கே கலோர்மென், அங்கே கருநிறத்தார், தலைப்பாகையர், அடிமை கொள்வோர், கொடுந்தெய்வம் தொழுவோர். நல்லவர் ஓரிருவர் உண்டு, விதிவிலக்காக!

இறுதி நூலிலோ சூசன் வெளியே நிறுத்தப்படுகிறாள். குற்றமென்ன? நார்னியாவைச் சிறுவயது விளையாட்டு என்றாள். உதட்டுச்சாயமும் நைலானும் விரும்பினாள். ஐயுற்றவளுக்குக் கதவடைப்பு! அலங்கரித்தவளுக்கு அவமதிப்பு!

பிலிப் புல்மன் 1995இல் தொடங்கி 2000இல் முடித்த மூன்று நூல்களும் மாற்றுலகக் கதைகளே. அங்கே லைரா என்னும் சிறுமி, விண்ணுக்கே குடியரசு காண முனைகிறாள். இரண்டையும் படிப்பகத்தில் அடுத்தடுத்து வையுங்கள், தோழர்களே!