மேய்ப்புக்கோலும் கைப்பேசியும்

மக்கள் எந்நேரம் அழைத்தாலும் செவிசாய்ப்பவனே நல்ல மேய்ப்பன். ஆதலின் குருவின் கைப்பேசி ஓயவே கூடாது என்று உடன்குருக்கள் சிலர் வாதிடுகின்றனர். தொண்டுள்ளமாகத் தோன்றும் இவ்வாதத்தை நான் மறுக்கிறேன்.

கப்பர்நாகுமில் மாலைவேளை நோயாளர் கூட்டம் வாயிலில் திரண்டது. மறுநாள் விடியுமுன் இயேசு தனிமையை நாடிச் சென்று இறைவேண்டலில் ஆழ்ந்தார். எல்லாரும் அவரைத் தேடுவதாகச் சீமோன் வந்து சொன்னார். ஆண்டவரோ திரும்பிச் செல்லாமல் அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார் (மாற்கு 1:32-39). தேடியவர்மீது அவருக்கு அன்பில்லையா? இருந்தது. ஆயினும் தாம் வந்த நோக்கத்தை வேண்டலில் தெளிந்திருந்த அவர், பிறருடைய தேட்டம் தம் நாளை வகுக்க விடவில்லை.

1145-இல் தம் மடத்துத் துறவியே மூன்றாம் யூஜின் என்னும் பெயருடன் திருத்தந்தையானபோது, புனித பெர்நார்து மகிழ்ந்ததைவிட அஞ்சியதே மிகுதி. வழக்குகளும் மனுக்களும் அவரை நாள்முழுதும் சூழ்ந்தன. ஓயாத அலுவல் இதயத்தைக் கல்லாக்கிவிடும் என்று பெர்நார்து அவருக்கு நூலெழுதி எச்சரித்தார். அன்று மனு கொடுப்பவன் உரோமைவரை வரவேண்டியிருந்தது; இன்று அவன் நம் அங்கிப் பையிலேயே குடியிருக்கிறான். இதயங்களை எழுப்ப வேண்டிய திருப்பலியில் கைப்பேசிகளை உயர்த்துவோரை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பர் 8 அன்று கடிந்தபோது, அவர்களுள் குருக்களும் ஆயர்களும் உண்டென்று வருந்தினார்.

பிறரை ஏன் சொல்ல வேண்டும்? சென்ற தவக்காலத்தில், மகனை இழந்த தாயொருத்தி என் அறையில் அழுதுகொண்டிருந்தாள். மேசைமேல் கைப்பேசி ஒளிர்ந்தது. திருவிழாத் தோரணம் எந்நிறத்தில் அமைய வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் விவாதம். ஒரு கணம் பார்த்தேன். நிமிர்ந்தபோது அவள் எழுந்துவிட்டாள். "சாமி, உங்களுக்கு வேலையிருக்கு; நான் பிறகு வர்றேன்" என்றாள். இன்றுவரை வரவில்லை.

"சாகக் கிடப்பவர் அழைத்தால் என்ன செய்வது?" என்பர். நியாயமான கேள்வி. நாம் வேண்டும்போதும், மறையுரையை ஆயத்தம் செய்யும்போதும், ஒருவர் எதிரில் அமரும்போதும் கைப்பேசி உபதேசியாரிடம் இருக்கட்டும். நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தால் அவர் ஓடிவந்து சொல்வார். தோரணத்தைப் பங்குப்பேரவை முடிவு செய்யட்டும். பந்திப் பணியை எழுவரிடம் ஒப்படைத்துவிட்டு, வேண்டலையும் இறைவார்த்தையையும் திருத்தூதர்கள் தமக்கென வைத்துக்கொள்ளவில்லையா (திப 6:1-6)?

காணாமற்போன ஓர் ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதையும் விட்டுச் சென்றவரே நம் ஆண்டவர். நாமோ தொண்ணூற்றொன்பதின் சலசலப்புக்குச் செவிகொடுத்து, எதிரே அமர்ந்திருந்த ஒன்றைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.