முகம் அறியாத கடை

தில்லி சாந்தினி சௌக்கில் புடவை வாங்க வரும் பெண்மணி பத்துப் புடவைகளைப் பிரித்துக் காட்டச் சொல்லி, துணியைத் தொட்டுப் பார்த்து, பேரம் பேசிய பிறகே பணப்பையைத் திறக்கிறார். கண்ணால் கண்டு, கடைக்காரரின் முகம் பார்த்து வாங்குவது நம் நாட்டில் தலைமுறைப் பழக்கம். முகம் தெரியாத நிறுவனத்திடம் முன்கூட்டியே பணம் செலுத்த மக்கள் தயங்கியதில் வியப்பில்லை.

பெங்களூரில் 2007-ல் புத்தக விற்பனையுடன் தொடங்கிய ஃபிளிப்கார்ட், பொருள் கைக்கு வந்த பிறகு பணம் தரும் முறையை 2010-ல் கொண்டுவந்தது. தயக்கம் தளர்ந்தது. 2013-ல் இந்தியாவில் கடைவிரித்த அமேசானும் இவ்வழக்கத்துக்கு உடன்பட நேர்ந்தது. கடன் அட்டை இல்லாமை மட்டுமே காரணம் என்றால், 2016-ல் அறிமுகமான யுபிஐ பரவிய பின் இம்முறை மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. காரணம், நம்பிக்கை சார்ந்தது.

இது இந்தியர்களுக்கு மட்டுமே உரிய குணமன்று. ஜெர்மானியர்கள் பலர் பொருளைப் பெற்றுக்கொண்டு, பிறகு பணம் அனுப்புவதையே விரும்புகின்றனர். ஜப்பானில் இணையத்தில் வாங்கியதற்குத் தெருமுனைக் கடையில் பணம் கட்டலாம். சீனத்தில் 2004-ல் உருவான அலிபே, பொருள் கிடைத்ததை வாங்கியவர் உறுதிசெய்யும் வரை பணத்தைத் தன்னிடமே நிறுத்தி வைத்தது. வணிகம்தான் சமூகத்துக்கு ஏற்ப வளைந்திருக்கிறது.

அப்படி ஈட்டிய நம்பிக்கையை இப்போது சில நிறுவனங்கள் விலைபேசுகின்றன. ரொக்கம் தருவோரிடம் கடைசித் திரையில் தனிக் கட்டணம் கேட்பது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, 'இன்னும் சில நிமிடங்களே' என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஆகியவை பலரும் அறிந்த உத்திகள். வீடு தேடிச் சென்று ரொக்கம் வசூலிப்பதில் செலவு உண்டு. வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பப்படும் பொருள்களால் சிறு வணிகர்கள் நஷ்டமடைவதும் உண்மை. அந்தச் செலவை முதல் திரையிலேயே வெளிப்படையாகச் சொல்லலாமே! மறைப்பதுதான் குற்றம்.

சட்டம் இல்லாமல் இல்லை. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். ஏமாற்று உத்திகள் 13-ஐப் பட்டியலிட்டு 2023 நவம்பரில் தடை விதித்தது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். ஆனால், 1915 என்ற உதவி எண்ணுக்கு நுகர்வோர் அழைக்கும் வரை அரசு காத்திருப்பது போதாது. தானாக முன்வந்து ஆய்வு நடத்தி, தவறு செய்யும் நிறுவனங்களுக்கு உறைக்கும்படி அபராதம் விதிக்க வேண்டும்.

தெருக்கடைக்காரர் ஒருமுறை ஏமாற்றினால் அந்தத் தெருவே அவரைத் தண்டிக்கும். இணையக் கடைக்குத் தெரு இல்லை. அந்தத் தெருவின் இடத்தில் சட்டம் நின்றாக வேண்டும்.