அரியரை மறைத்துக் கல்லூரி மாறலாமா?

 

முட்டுக்காட்டில் வசிக்கும் நண்பர் ஒருவர், சென்ற வாரம் ஜுமுஆ தொழுகை முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார். பொறியியல் பயிலும் அவருடைய மகன் இரண்டு பருவங்களில் ஏழு தாள்களில் தோல்வியுற்றிருக்கிறான். நாள்தோறும் பையை மாட்டிக்கொண்டு பேருந்து ஏறியவன், பல நாள்கள் கல்லூரிக்கே செல்லாமல் உப்பங்கழியைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தானாம். "வேறு கல்லூரியில் சேர்த்துவிடலாம் என்றிருக்கிறேன் பாய். இந்த இரண்டு பருவத்தையும் சொல்லாமல் விட வழி உண்டா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். இடையில் மாறுவோரிடம் பருவவாரியான மதிப்பெண் பட்டியலைக் கேட்காத கல்லூரி ஏது? அது ஒருபுறம் இருக்கட்டும். மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அடியில் ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரிடம் கேட்ட நிகழ்வை நாம் அறிவோம். கடைக்குப் பொருந்துவது கல்லூரி விண்ணப்பத்துக்குப் பொருந்தாதா?

மறைப்பதில் வேறொரு கேடும் உண்டு. தோல்வியின் காரணமும் சேர்ந்தே மறைந்துவிடும். கணித மேதை இராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார், அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கல்லூரி மாறியது, காரணம் மாறவில்லை. ஆனால் 1913இல் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் துறைமுக அலுவலக எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அதன் பிறகே தம் கணிதத்தை முன்வைத்தார். (நம் பிள்ளைகள் யாவரும் இராமானுஜன் ஆவர் என்று சொல்லவரவில்லை, கடிதம் எழுதும் முறையைத்தான் சொல்கிறேன்.)

நண்பரின் மகன் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றவன். முதற்பருவத்தில் ஆங்கிலத்தில் நடந்த கணித வகுப்பு புரியவில்லை, கேட்க வெட்கம். வீட்டில் சொல்லியிருக்கலாமே என்றால், அங்கே பெரியத்தா மகனின் மதிப்பெண்ணைத் தவிர வேறு பேச்சே இல்லை. இதை நண்பரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. ஆயினும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. உண்மையைச் சொன்னால் அடி விழும் வீட்டில் பிள்ளைகள் பொய்யைத்தான் பழகுவர்.

ஆகவே விண்ணப்பத்தில் நான்கு வரி போதும்: எத்தனை தாள்கள் தவறின, ஏன் தவறின, அதன்பின் எவற்றை எழுதித் தேறினேன், இப்போது எப்படிப் படிக்கிறேன். மூன்றாவது வரி இல்லாத கடிதத்துக்கு எடை இல்லை. அதற்குக் காலமும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை, எட்டுப் பருவப் படிப்பை 14 பருவங்களுக்குள் முடிக்க இடம் தருகிறது. தேறிய தாள்கள் அழிந்துவிடுவதுமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்த 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' திட்டத்தில் பதிவான கிரெடிட்டுகள் ஏழாண்டு வரை செல்லும். புதிய கல்லூரியின் பாடத்திட்டம் வேறுபட்டால் கூடுதல் தாள்கள் எழுத நேரலாம். அதை முன்பே கேட்டுவிடுங்கள்.

நண்பரின் மகன் இப்போது நான்கு தாள்களுக்கு மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தியிருக்கிறான். இஷா தொழுகைக்குப் பின் பக்கத்துத் தெரு ஆசிரியர் ஒருவரிடம் கணிதம் பயில்கிறான். அத்தாவே வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். கல்லூரி மாறும் பேச்சு, முடிவுகள் வந்தபின், இன்ஷா அல்லாஹ்.