சேமித்தாயிற்று, சென்று சேர்ந்ததா?

கடிதம் எழுதி முடித்து, உறையிலிட்டு, முகவரியும் எழுதியபின் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, 'அனுப்பிவிட்டேன்' என்று நிம்மதியாக உறங்கும் மனிதரை என்னவென்று சொல்வது? கணினியில் அதே பிழையைச் செய்து, ஒரு சகோதரியைப் பதினொரு நாட்கள் காக்க வைத்தவன் நான். அதில் கற்றுக்கொண்ட பாடத்தை வாசக அன்பர்கள் முன் வைப்பதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

வீட்டில் உருது, கடைத்தெருவில் கன்னடமும் தெலுங்கும், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வாழ்வது எங்கள் ஜவளகிரி வட்டார வழக்கம். எங்கள் மஹல்லாவின் பழைய நிக்காஹ் தஃப்தர் உருதுவில் எழுதப்பட்டது. தாள்கள் நைந்துபோகவே, அதனைக் கணினியில் ஏற்றும் பொறுப்பை ஜமாஅத்தார் என்னிடம் ஒப்படைத்தனர். உருது எழுத்துக்காக 1994ஆம் ஆண்டு முதல் புழக்கத்திலுள்ள இன்பேஜ் மென்பொருளில் தட்டச்சுச் செய்து, அந்தக் கோப்பை 'கிளவுட்' என்னும் முகில் சேமிப்பில் வைத்தோம். அதாவது, மூலக்கோப்பு எங்கள் கணினியில் இல்லை. இணையத்தின் மறுமுனையில் ஒரு நிறுவனத்தின் பெருங்கணினிகளில் இருக்கின்றது. எங்கள் கணினி பழுதானாலும் பதிவேடு பிழைக்கும் என்பதே எண்ணம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வேர்டு, எக்செல் போன்ற கோப்புகளை இணைய உலாவியிலேயே திறந்து திருத்திவிடலாம். இன்பேஜ், பேஜ்மேக்கர், போட்டோஷாப் போன்றவற்றின் கோப்புகளுக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. கணினியில் நிறுவிய அந்தந்த மென்பொருளிலேதான் திறக்க வேண்டும். ஆனால் உலாவியில் தெரியும் ஒரு பக்கம், நம் கணினியிலுள்ள மென்பொருளைத் தன் விருப்பப்படி இயக்க முடியாது. பாதுகாப்புக் கருதி அவ்வாறு வேலியிட்டு வைத்திருக்கின்றார்கள். அந்த வேலியைக் கடந்து செய்தி கொண்டுபோக ஒரு தூதன் தேவைப்படுகின்றான். அவனே துணைச்செயலி.

நம் தமிழ்நாட்டிலிருந்தே இதற்கு எடுத்துக்காட்டுக் கூறலாம். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் சோஹோ எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் தலைமையகம் சென்னையை அடுத்து இருக்கின்றது. அதன் 'வொர்க்டிரைவ்' என்னும் முகில் சேமிப்புக்குரிய துணைச்செயலியின் பெயர் 'ஜீனி'. அலாவுதீன் கதையில் விளக்கைத் தேய்த்ததும் வந்து நிற்குமே, அந்தப் பெயர்தான்! வேறு பல நிறுவனங்களும் இத்தகைய துணைச்செயலிகளை வைத்திருக்கின்றன. நாங்கள் பயன்படுத்துவது அத்தகைய வேறொன்று. அதன் பெயர் இங்குத் தேவையில்லை. ஏனெனில் குற்றம் என்னுடையது.

இத்தூதன் பணி செய்யும் முறையை அறிந்துகொண்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும். உலாவியில் கோப்பைத் தேர்ந்து, 'கணினி மென்பொருளில் திற' என்று கட்டளையிடுகின்றோம். துணைச்செயலி மூலக்கோப்பின் நகல் ஒன்றை இறக்கி, கணினியின் தற்காலிக உறை ஒன்றில் வைத்து, உரிய மென்பொருளிடம் கொடுக்கின்றது. நாம் திருத்திச் சேமிக்கும்போது சேமிக்கப்படுவது அந்த நகல்தான். துணைச்செயலி அதைக் கவனித்துக்கொண்டிருந்து, மாற்றத்தை மேலே அனுப்ப வேண்டும். அப்போதுதான் முகிலில் புதிய பதிப்பு உருவாகும். ஆக, சேமிப்பது ஒரு செயல். சென்று சேர்வது மற்றொரு செயல்.

நான் தவறியது இந்த இடத்தில்தான். ஜமாஅத் செயலாளர் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். உலாவியில் நான் புதிய சொல்லைக் கொடுத்து நுழைந்துவிட்டேன். துணைச்செயலியோ பழைய சொல்லோடு வெளியே நின்றது. கோப்பைத் திறக்கச் சொன்னபோது, 'இணைக்க இயலவில்லை' என்றது. நானோ பொறுமையின்றி, இன்பேஜில் 'அண்மையில் திறந்தவை' என்ற பட்டியலைப் பார்த்தேன். கோப்பின் பெயர் அங்கே இருந்தது. தொட்டதும் திறந்தது. காரியம் முடிந்ததென்று மகிழ்ந்தேன். நான் திறந்தது முந்தைய தற்காலிக நகலை என்பது எனக்குத் தெரியவில்லை. எட்டு இரவுகள் அமர்ந்து நாற்பத்தொரு நிக்காஹ்களைப் பதிந்தேன். ஒவ்வோர் இரவும் சேமித்தேன். ஒன்றும் மேலே செல்லவில்லை.

கணினியில் ஏறிவிட்டது என்ற துணிவில் தஃப்தரைக் கட்டமைப்புக்காக ஓசூருக்கு அனுப்பினோம். அந்த வாரமே ஒரு சகோதரி வந்தார். தளிப் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை செய்பவர். தொழிற்சாலையில் பணியாற்றிய கணவர் இறந்துவிட்டார். வருங்கால வைப்பு நிதிக்கு விண்ணப்பிக்க நிக்காஹ் சான்று வேண்டும். மதரஸா அலுவலகக் கணினியில் கோப்பைத் திறந்தேன். அவர் பெயர் இல்லை. நாற்பத்தொன்றில் ஒன்றுகூட இல்லை. "பரவாயில்லை ஹஜ்ரத், இன்னொரு நாள் வருகிறேன்" என்று சொல்லிச் சென்றார். ஒருநாள் கூலியை இழந்து வந்தவர் அவர்.

அத்துடன் நின்றேனா? பதற்றத்தில் என் மடிக்கணினியிலிருந்த துணைச்செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். தற்காலிக உறையும் அதனோடு துடைக்கப்பட்டது. இப்போது ஓசூர்த் தொழிற்பேட்டையில் பணியாற்றும் என் முன்னாள் மாணவர் அன்றிரவு தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி இது: "நீக்குவதற்கு முன் கோப்பை வேறிடத்தில் எடுத்து வைத்தீர்களா, ஹஜ்ரத்?"

அன்பர்களே, துணைச்செயலி முரண்டு பிடித்தால் செய்ய வேண்டிய முதற்காரியம் அதுவே. கோப்பு திறந்திருந்தால், 'வேறு பெயரில் சேமி' என்ற கட்டளையால் மேசைத்திரையில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். மூடிவிட்டீர்களானால், 'அண்மையில் திறந்தவை' பட்டியல் வழியே திறந்து அவ்வாறே செய்யுங்கள். நான் தவறாகப் பயன்படுத்திய அதே பட்டியல் இதற்கு மட்டும் உதவும். நகல் பத்திரமான பின்னரே பழுதைத் தேட வேண்டும்.

தேடும்போது எளியதிலிருந்து தொடங்குக. திரையின் அடியில் கடிகாரத்தின் அருகே துணைச்செயலியின் சின்னம் இருக்கின்றதா? இல்லையெனில் அது இயங்கவில்லை; தொடக்கப் பட்டியலிலிருந்து இயக்குங்கள். இருந்தால், உலாவியிலும் அதிலும் ஒரே கணக்கில்தான் நுழைந்திருக்கின்றீர்களா என்று பாருங்கள். ஒன்றில் மதரஸாவின் கணக்கும் மற்றொன்றில் சொந்தக் கணக்கும் இருப்பது அடிக்கடி நேர்கின்றது. 'இச்செயலியைத் திறக்கலாமா?' என்று உலாவி கேட்டபோது மறுத்துவிட்டிருந்தால், அந்த அனுமதியை மீண்டும் வழங்குங்கள்.

அடுத்து, கணினியின் தேதியைக் கவனியுங்கள். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்த பழைய கணினிகளில் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் தேதியைக் கொண்டே சரிபார்க்கப்படுவதால் இணைப்பு மறுக்கப்படும். கோப்பின் பெயரிலும் பிழை இருக்கலாம். '12/5 நிக்காஹ்?' என்று முகிலில் பெயரிட்டால், சாய்கோட்டையும் வினாக்குறியையும் விண்டோஸ் ஏற்பதில்லை. உறைக்குள் உறையாக அடுக்கிக்கொண்டே போனால், 260 எழுத்து என்ற பழைய வரம்பும் குறுக்கே நிற்கக்கூடும். தொழிற்சாலைக் கணினிகளில் நிறுவனத்தின் பாதுகாப்பு அரணே தூதனைத் தடுத்திருக்கலாம். அதைத் தாமே தளர்த்த முயலாமல், பொறுப்பாளரிடம் கூறுவதே முறை.

ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால், ஒருவருடைய உழைப்பு மற்றவருடையதை மூடிவிடக்கூடும். கோப்பைப் பூட்டும் வசதி இருப்பின் பயன்படுத்துங்கள். இல்லையேல் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நீக்கி மீண்டும் நிறுவுவது கடைசி மருந்து.

எல்லாம் சரியான பின்னும் ஒரு வேலை மீதமிருக்கின்றது. உலாவியில் அந்தக் கோப்பின் பதிப்பு வரலாற்றைத் திறந்து, கடைசிப் பதிப்பின் நேரம் நீங்கள் சேமித்த நேரத்தோடு ஒத்திருக்கின்றதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை. நான் எட்டு இரவுகளில் ஒருமுறையேனும் இதைச் செய்திருந்தால் போதும்.

தஃப்தர் பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தது. சான்றை எழுதி, அந்தச் சகோதரியின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்பத்தொரு பதிவுகளையும் மறுபடி தட்டச்சுச் செய்தேன். இப்போது மேலே சென்றதைக் கண்ணால் பார்த்த பிறகே கணினியை மூடுகின்றேன். பழைய தாளையும் கைவிடுவதில்லை. பிறருடைய பெயரும் உரிமையும் அடங்கிய ஏடு நம் கையிலுள்ள அமானிதம். 'இணைக்க இயலவில்லை' என்று அன்று அந்தத் தூதன் உண்மையைத்தான் சொன்னான். கேட்க மறுத்துக் குறுக்குவழி தேடியவன் நான்.