கல் இல்லாதவர்களுக்கு ஏடாவது வேண்டும்

இலங்கை மலையகத்தின் டிக்கோயாவில் வார்லி கிறிஸ்து தேவாலயம் 1878இல் கட்டப்பட்டது. அதன் சவக்காலையில் கிடக்கும் தோட்டத் துரைமாரின் கல்லறைகளில் பெயர், வயது, இறந்த நாள் எல்லாம் வெட்டப்பட்டிருக்கின்றன. போகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில், 1879இல் இறந்த நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறையைத் தேடி இன்றும் ஆட்கள் வருகிறார்கள். (இலங்கையில் அவர் எடுத்த படமொன்றில் நிற்பவர்களுக்குப் பெயரில்லை, 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதோடு சரி.) தீவெங்கும் உள்ள கல்லறை வாசகங்களை ஜே. பென்றி லூயிஸ் 1913இலேயே நூலாக்கினார், பெரும்பாலும் ஐரோப்பியருடையவை. ஆக, திம்புள்ளவில் கோப்பித் தோட்டம் பார்த்த ஒரு ஸ்கொட்லாந்துக்காரரின் வழித்தோன்றலுக்குத் தன் பூட்டனின் முடிவைக் கண்டுபிடிப்பது அத்தனை கடினமல்ல. அதே மலையில் கோப்பி நட்டு, 1869இல் தோன்றிய இலைநோயில் அது அழிந்த பின் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கோ இடுகாடு எந்தப் பக்கம் இருந்தது என்பதுகூடத் தெரியாது. பல இடங்களில் அதன் மேலும் தேயிலை ஏறிவிட்டது.

கல் இல்லாததால் தேட வழியில்லை என்று கைவிடுவதை நான் ஏற்கவில்லை. இங்கிலாந்தின் குவேக்கர் சபையார் கல்லறைக்கல் வைப்பதையே ஆடம்பரமென்று நீண்ட காலம் விலக்கியவர்கள்; 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் சிறிய, ஒரே மாதிரியான கற்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் யார், எப்போது, எங்கே புதைக்கப்பட்டார் என்பதை மாதக் கூட்டத்தின் பதிவேட்டில் ஒழுங்காக எழுதினார்கள். 1837இல் அங்கே குடியியல் பதிவு தொடங்கியதும் பழைய பதிவேடுகளை அரசிடம் ஒப்படைத்தார்கள். அவை இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கல்லே இல்லாத குடும்பங்கள் அவற்றை வைத்துத் தலைமுறைகளைக் கோக்கின்றன. தோட்டத்திலும் ஏடு இல்லாமலில்லை. தோட்டத்துப் பிறப்பு இறப்பை அறிவிப்பது துரையின் சட்டக் கடமை. வேலைக்கு வந்தவர்களின் பேர் போட்ட செக்ரோல் என்ற ஏடு ஒவ்வொரு தோட்டக் கந்தோரிலும் இருந்தது. யாருடைய பேர் எந்த மாதத்தோடு நின்றது என்று அதில் தெரியும். ஊர் மாறிப் போனாரா, காலமானாரா என்பதை இறப்புப் பதிவோடு ஒப்பிட்டால் பிடித்துவிடலாம். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போய், 1992இல் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. கைமாறியபோதெல்லாம் பழைய ஏடு யார் கணக்கிலும் சேராமல் களஞ்சிய மூலைக்குப் போனது. எஞ்சியவற்றைக் கோயிற்பற்றுப் பதிவேட்டுக்கு உரிய மதிப்போடு தேசிய சுவடிகள் திணைக்களம் பொறுப்பேற்க வேண்டும்.

ஒரே தோட்டத்தில் பத்து ராமசாமி, பதினைந்து மாரியாய்; குடும்பப் பெயர் கிடையாது; கிளாக்கர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது. இதை வைத்து யாரைக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பேரை மட்டும் வைத்துத் தேடினால் ஆகாது. தகப்பன் பேர், டிவிஷன், கங்காணி பேர் மூன்றையும் சேர்த்தால் பத்து ராமசாமி இரண்டாகச் சுருங்கலாம். இதைவிடக் கனமான மறுப்பு சாதி பற்றியது. பழைய பதிவில் பேரோடு சாதியும் ஒட்டி வருவதுண்டு. அதைப் பொதுவில் திறந்துவிட்டால் இன்றைய கலியாணப் பேச்சில் அது ஆயுதமாகும். அந்தப் பகுதியை மறைத்துக் கொடுக்கலாம், வழித்தோன்றலுக்கு மட்டும் காட்டலாம். ஏட்டையே பூட்டி வைக்க அது காரணமாகாது.

இதெல்லாம் வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு, சம்பளப் பிரச்சினை தீரட்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். மலையகத்தில் குடும்ப வரலாறு ஒருநாளும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. 1949இன் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர் கலியாணமானவரென்றால் 7 ஆண்டு, ஆகாதவரென்றால் 10 ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. 2003இன் பிரஜாவுரிமைச் சட்டமும் உரியவர்களை 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இங்கே வசிப்பவர், அவர்களின் வழித்தோன்றல் என்றுதான் வரையறுத்தது. மூன்று முறையும் கேட்கப்பட்டது ஒரு குடும்பம் எங்கே, எந்தக் காலத்தில் இருந்தது என்பதே. அதற்கான எழுத்து தொழிலாளியின் லயத்தில் இல்லை, கந்தோரில் இருந்தது.

கம்பனிகள் இணங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1854இல் தோட்டத் தமிழருக்கென்றே தொடங்கப்பட்ட மிஷன் முதல் பல சபைகள் ஞானஸ்நானமும் கலியாணமும் அடக்கமும் நடத்தியிருக்கின்றன. கிறிஸ்தவர் சிறுபான்மைதான், ஆனாலும் துரைக்கும் தொழிலாளிக்கும் பேர் எழுதிய ஏடு அங்கேதான் அகப்படும். திருச்சபைகள் தம்மிடம் எஞ்சியிருப்பதைப் படம்பிடிக்க பழைய ஏடுகளை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனம் போன்றவர்களை அழைக்கலாம். வேலையைப் பதுளையிலோ ஹட்டனிலோ ஒரே ஒரு கோயிற்பற்றில் ஆரம்பித்தாலும் போதும்.